25,000 அடியில் உயிரின் அறிவு

பிராணவாயு குறைந்தால் மூச்சு முட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவ்வளவாக முட்டாது. அந்தத் தவிப்பைப் பெரும்பாலும் உண்டாக்குவது உடம்பில் தேங்கும் கரியமில வாயு. உயரத்தில் அது தேங்குவதில்லை. ஒவ்வொரு மூச்சிலும் வெளியேறிவிடும். காற்றில் பிராணவாயுவின் பங்கும் கீழே உள்ள அதே 21 சதவீதம்தான். ஆனால் 18,000 அடியில் காற்றழுத்தம் பாதியாகிவிடுவதால் ரத்தத்தில் அது போதிய அளவு ஏறாது. மூளை மங்குவது மூளைக்கே தெரியாது.

விமானப்படையில் ஃப்ளைட் இன்ஜினியராக இருந்தபோது இதைப் பெங்களூரில், ஆல்டிட்யூட் சேம்பருக்குள் கண்ணால் பார்த்தேன். உள்ளே 25,000 அடி உயரத்துக்குரிய காற்றழுத்தம். அங்கே பிராணவாயு முகமூடி இல்லாமல் ஒருவர் உருப்படியாக இயங்கக்கூடிய நேரம் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். எதிரே இருந்த தஞ்சாவூர்க்காரத் தம்பி முகமூடியைக் கழற்றிவிட்டு, ஆயிரத்திலிருந்து ஏழு ஏழாகக் கழித்து எழுதிக்கொண்டிருந்தார். கணக்கில் கெட்டிக்காரர். கொஞ்ச நேரத்தில் நகங்கள் நீலம் பாரித்தன. எழுத்து கோட்டை விட்டு இறங்கியது. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதினார். “எப்படி இருக்கிறது?” என்று கேட்டதற்கு, “ஜோரா இருக்கேன் சார்” என்றார். முகத்தில் அப்படியொரு நிறைவு. முகமூடியைப் போடச் சொன்னபோதும் சிரித்தார், கை எழவில்லை. பக்கத்தில் இருந்தவர்தான் மாட்டிவிட்டார்.

1875 ஏப்ரல் 15 அன்று பிரான்சில் ‘ஜெனித்’ பலூனில் ஏறிய மூவருக்கு அப்படி மாட்டிவிட ஆளில்லை. பிராணவாயுப் பைகள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. இன்னும் மேலே போகலாம் என்று அவர்களில் ஒருவரான சிவெல் மணல் மூட்டைகளை அறுத்துவிட்டார். 8,000 மீட்டருக்கு மேல் அவரும் க்ரோசே-ஸ்பினெல்லியும் இறந்தார்கள். பிழைத்த திசாந்தியே, வேதனையே இல்லை, உள்ளுக்குள் மகிழ்ச்சியாக இருந்தது என்று எழுதிவைத்தார்.

ஆனந்தம் கிடைத்தது, அதனால் உண்மையைக் கண்டேன் என்று பேசும் ஆன்மிகத்தை என்னால் ஏற்க முடியாமல் போனது இதனால்தான். ஆனந்தம் பொய் என்று சொல்லவில்லை. அது தனக்குத்தானே சான்று ஆகாது என்கிறேன். சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் மிகக் கறாரானது. உயிர் தானே அறியாது, அறிவித்தால் அறியும். கண் காண உயிர் உடன் நின்று காண வேண்டும்; அதுபோல உயிர் அறிய இறைவன் காட்டவும் வேண்டும், உடன் நின்று காணவும் வேண்டும். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

மருத்துவம் படித்த என் தங்கை மகன் விடுவதாக இல்லை: “அப்ப உயிர்ங்கிறதே மூளைக்குப் போற ஆக்ஸிஜன்தானே, மாமா?” நியாயமான கேள்வி. மூளை போன்ற கருவி கெட்டால் அறிவு மறையும் என்பதைச் சித்தாந்தமும் மறுக்கவில்லை. அதனாலேயே கருவிதான் அறிவு என்று ஆகிவிடாது. ஆனால் அவன் பக்கமா என் பக்கமா என்று சேம்பர் தீர்ப்புச் சொல்லாது. அவனிடமும் அப்படித்தான் சொன்னேன்.

எனக்குச் சேம்பர் வேறொன்றைத் தெளிவாக்கியது. சித்தாந்தத்தின் முதன்மை நூலான சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் நூற்பா, உயிரை மறைக்கும் மலம் நீங்கி, உடலோடு இருக்கும்போதே விடுதலை பெற்ற சீவன்முத்தரையும் அடியாரோடு கூடி இருக்கச் சொல்கிறது. எல்லாம் அடைந்தவருக்குக் கூட்டம் எதற்கு என்று முன்பு யோசித்ததுண்டு. தன் மங்கல் தனக்குத் தெரியாது, முகமூடியை மாட்டிவிடப் பக்கத்தில் ஒருவர் வேண்டும் என்று இப்போது புரிகிறது. அதனால் யாராவது தியானத்தில் பெரிய அனுபவம் என்று சொல்லிக்கொண்டு வந்தால், உங்கள் வீட்டில் உங்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்கிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். இருந்தாலும் கேட்கிறேன்.