புகையும் பிறர் உரிமையும்

புகைபிடிப்பது ஹராமா, மக்ரூஹா என்பதில் மார்க்க அறிஞர்கள் கருத்து வேறுபட்டனர். ஆனால், பொது இடத்தில் விடும் புகை பிறர் மூச்சில் கலப்பதால், அது ஹக்குல் இபாதாகிய அடியார் உரிமையைச் சார்ந்ததாகிவிடுகிறது.

1999-ல் கேரள உயர்நீதிமன்றம் இதைத் தடுத்தது. 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் தடை வந்தது. 200 ரூபாய் வரை அபராதமும் வைக்கப்பட்டது. அபராதம் கட்டினால் அரசின் கணக்குத் தீரும். அடியார் உரிமையோ, உரியவர் மன்னித்தாலன்றித் தீராது.

பச்சைப் பூண்டு தின்ற வாடையோடு பள்ளிவாசலுக்கு வருவதையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாடைக்கே இவ்வாறெனில், நோய் தரும் புகைக்கு?

புதுச்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் நம்மவர் விட்ட புகையைச் சுவாசித்த கைக்குழந்தை, தாயுடன் நாமக்கல் பஸ் ஏறிப் போய்விட்டது. மறுமைக்கு முன் அதை எங்கே தேடி மன்னிப்புக் கேட்பது? சிந்திப்போமாக!