துரை மாறினாலும் ஆண்டவர் மாறார்



“கந்தோரில் மேலிடம் மாறப் போகிறதாம்” என்ற செய்தி வந்துவிட்டால், அன்றிரவு அந்த வீட்டில் சோறு இறங்காது. வரப்போகும் முகாமையாளர் எப்படிப்பட்டவரோ? பழையவரோடு நெருங்கி வேலை செய்தவர்களை வைத்திருப்பாரோ, தூர இடத்துக்கு மாற்றிவிடுவாரோ? பிள்ளைகளின் படிப்புச் செலவு, கட்டவேண்டிய சீட்டுக்காசு, அடைவில் கிடக்கும் நகை எல்லாம் ஒருங்கே நினைவுக்கு வரும். செபமாலை கையில் உருண்டாலும் மனம் கந்தோர் வாசலிலேயே நிற்கும். இதை விசுவாசக் குறைவென்று எவரும் பழிக்க வேண்டாம். குடும்பப் பாரம் சுமப்பவனுக்கு இயல்பாக வரும் கவலை இது.

நம் நாட்டில் இக்கவலையை முழுமையாக அனுபவித்தவர்கள் மலையகத் தோட்ட மக்கள். 1972ம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம், நெற்காணி தவிர்ந்த தனியார் காணிக்கு 50 ஏக்கர் என வரம்பு கட்டியது. 1975ல் கம்பனிகளின் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1992ல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. இருபது ஆண்டுகளுக்குள் பெயர்ப்பலகைகள் மாறின. பங்களாவில் இருந்த துரைமாரும் மாறினர். கொழுந்து நிறுக்கும் தராசும் செக்றோலும் மட்டும் அப்படியே இருந்தன. எழுபதுகளில் சில தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் லயங்களை விட்டே வெளியேற நேர்ந்தது. மேலே நடந்த மாற்றத்தின் விலையைக் கீழே இருந்தவர்களே கொடுத்தார்கள். ஆதலால், “கவலைப்படாதே” என்ற ஒரு சொல்லோடு இத்துன்பத்தைக் கடந்து போக நமக்கு உரிமையில்லை.

வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். தானியேல் யார்? அந்நிய அரண்மனையில் சேவகம் செய்த ஓர் உத்தியோகத்தரே. நெபுக்கத்னேசரின் கீழ் வேலை பார்த்தார். பெல்சாசரின் விருந்து மண்டபத்தில் சுவரில் தோன்றிய எழுத்தை விளக்கினார். அன்றிரவே அரசன் கொல்லப்பட்டான். ஒரே இரவில் ஆட்சி தாரியுவிடம் போயிற்று. புதிய அரசனின் கீழிருந்த பொறாமைக்காரர் தானியேலின் வேலையில் குற்றம் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அவர் செபிப்பதையே குற்றமாக்க வேண்டியதாயிற்று! எசமான் மாறும் வேளையில் ஊழியனுக்கு இதைவிட வேறு அரண் உண்டா? கணக்கு நேராக இருக்கட்டும். கைகள் சுத்தமாக இருக்கட்டும். சன்னல் எருசலேமை நோக்கித் திறந்தே இருக்கட்டும்.

இத்தகைய வேளையில் வேலை போவதைவிடப் பெரிய ஆபத்தொன்று உண்டு. புதியவரின் தயவைப் பெறுவதற்காகப் பழையவரைத் தூற்றுவது. பக்கத்து மேசைக்காரரின் குறையை இரகசியமாகச் சொல்லிக் கொடுப்பது. பெயர் போடாமல் பெட்டிசம் எழுதுவது. நேற்றுவரை ஒரே கோப்பையில் தேநீர் பகிர்ந்தவனை இன்று காட்டிக் கொடுத்து மிஞ்சிய சம்பளத்தில் வாங்கிய பாண், பிள்ளைகளின் தொண்டையில் எப்படி இறங்கும்? உத்தியோகம் போனால் வேறொன்று தேடலாம். விற்ற மனச்சாட்சியை எந்தக் கடையில் மீட்பது?

இங்கிலாந்தின் சான்சலராய் இருந்த புனித தோமஸ் மூர், தம் அரசனின் போக்கு மனச்சாட்சிக்கு ஒவ்வாததாகியபோது 1532ல் பதவியைத் துறந்தார். குடும்பம் வறுமைப்பட்டது. 1535ல் தலையும் போயிற்று. எல்லாரிடமும் இத்தகைய தியாகம் கேட்கப்படுவதில்லை. ஆனால் கையெழுத்திட முடியாத கடதாசியும் உண்டு என்பதை ஒவ்வோர் ஊழியனும் அறிந்திருக்க வேண்டும்.

சாந்தமென்பது கைகட்டி நிற்பதல்ல. தொழிலாளர் ஒன்றுகூடிச் சங்கம் அமைப்பது அவர்களின் உரிமையென்று பாப்பரசர் 13ம் சிங்கராயர் 1891லேயே போதித்தார். நமது நாட்டிலும் 1971ம் ஆண்டின் சட்டமொன்று உண்டு. அதன்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தாபனத்தில், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்துவதற்கு அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். நியமனக் கடிதத்தையும் சேமலாப நிதிப் பத்திரங்களையும் பத்திரமாக வையுங்கள். வதந்தியை நம்பி அவசரப்பட்டு இராசினாமா எழுதாதீர்கள். மனைவிக்கு மறைக்காதீர்கள், இருவர் சுமந்தால் பாரம் பாதியாகும். புதிதாகப் பொறுப்பேற்று வரும் அதிகாரிகளே, நீங்களும் கேளுங்கள்: உங்கள் ஒரு கையொப்பத்தின் பின்னால் எத்தனை அடுப்புகள் எரிகின்றன என்பதை எண்ணிப் பார்த்து ஒப்பமிடுங்கள்.

முடிவாக ஒன்று. எகிப்திலிருந்து திரும்பிய சூசையப்பர், ஏரோதின் இடத்தில் அவன் மகன் அர்க்கெலா ஆளுகிறான் என்று கேள்விப்பட்டு யூதேயாவுக்குப் போக அஞ்சினார் என மத்தேயு எழுதியிருக்கிறார். ஆள்பவர் மாறியபோது திருக்குடும்பத்தின் தலைவரே அஞ்சினார்! ஆனால் அச்சத்தில் அவர் உறைந்து நிற்கவில்லை. ஆண்டவர் கனவில் காட்டிய வழியே கலிலேயாவுக்குப் போனார், நாசரேத்தில் குடியேறினார், தச்சுத் தொழிலால் குடும்பத்தைக் காத்தார். பாப்பரசர் 12ம் பத்திநாதர் 1955ல் மே முதலாந் திகதியைத் தொழிலாளரான இவருடைய திருநாளாக்கினார். ஆகவே இன்றிரவு செபமாலை முடிந்ததும், குடும்பமாக இவரிடம் ஒரு விண்ணப்பம் வையுங்கள். கந்தோரில் யார் வந்தாலும் யார் போனாலும், நாளைக் காலை வேலைக்குப் போகும்போது நேர்மையோடும், மாலை வீடு திரும்பும்போது சமாதானத்தோடும் இருக்கும் வரத்தை அவர் நமக்குப் பெற்றுத் தருவாராக.