இடம் மாறிய கற்கள்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நம்மிடம் உள்ள ஆசை, சினம், 'நான்' என்னும் எண்ணம் ஆகியவற்றை வேரோடு களைந்து எறிய வேண்டுமா, அன்றி அவற்றிற்கு உரிய இடத்தில் கொண்டு சேர்க்க வேண்டுமா? இக்கேள்வி காலக்ஷேப கோஷ்டியில் மட்டும் எழுவது அன்று. வட அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசங்களில் வாழும் பாகவதர்கள் பலர் ஆண்டுதோறும் வசந்தத்தின் தொடக்கத்தில் செய்யும் ஒரு சிறு வேலையிலும் இதற்கு விடை உண்டு என்பது அடியேனின் எண்ணம்.

அவ்வேலையை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மினசோட்டா, கனடாவின் ஒன்டாரியோ போன்ற இடங்களில், நகரத்தைவிட்டுத் தள்ளியுள்ள வீடுகள் பலவற்றில் தெருவிலிருந்து வாசல் வரை வரும் வண்டிப்பாதை தார் இடப்படாமல் சரளைக்கல் பரப்பியதாகவே இருக்கும். பனி பெய்தால், வண்டியின் முன்புறம் பெரிய இரும்புத் தகட்டைப் பொருத்தி அதனைத் தள்ளி ஒதுக்குவார்கள். தரை நன்கு உறைந்திருந்தால் கற்கள் பிடிப்புடன் கிடக்கும். குளிர்காலத் தொடக்கத்தில் தரை இன்னும் உறையாதபோதும், அதன் இறுதியில் தரை இளகும்போதும், தகடு பனியோடு கல்லையும் வாரிச் செல்லும். தகட்டின் அடியில் சறுக்குக் கட்டைகளைப் பொருத்தித் தரைக்குச் சற்று மேலே நிறுத்தினால் இது குறையும்; முற்றிலும் நிற்காது. வாரப்பட்ட கற்கள் ஓரத்துப் பனிக்குவியலில் மாதக்கணக்கில் மறைந்து கிடந்து, பனி உருகியபின் புல்தரையின்மேல் வெளிப்படும்.

இதில் குற்றம் யாருடையது? பனியைத் தள்ளியவர் விடியுமுன் இருளில் வந்து வழி திறந்துவிட்டவர். அவர் வராவிடில் அவசரத்துக்கு ஒரு வைத்தியர்கூட வாசலை அடைய இயலாது. தகட்டுக்குப் பனி எது, கல் எது என்று தெரியாது. கல்லோ தானாக நகர்ந்து வரவில்லை. ஆகவே குற்றவாளியைத் தேடுவதில் பயன் இல்லை. ஆயினும் கல்லை அங்கேயே விட்டுவிடவும் இயலாது. அதன் கீழ் அகப்பட்ட புல் வெளிச்சமின்றி வெளுத்துப் பட்டுப்போகும். கோடையில் புல் வெட்டும் இயந்திரத்தின் அலகில் பட்டால் அக்கல் தெறித்து ஒருவரின் கண்ணையே பறிக்கக் கூடும்.

அப்படியானால் அதனை எடுத்து எங்கே இடுவது? இங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது. குப்பை என்று கருதி வேலிக்கு அப்பால் எறிபவர்களும் உண்டு. ஆண்டுதோறும் அவ்வாறு செய்தால் புல்தரை சுத்தமாகும். பாதையோ மெலிந்து சேறாகி, புதிதாக ஒரு லாரிக் கல் வாங்கும்படி நேரும். புல்லின்மேல் கிடந்தபோது தோஷமாக இருந்த அதே கல், பாதையில் கிடக்கும்போது வண்டியைத் தாங்கும் குணமாக இருக்கிறது. கல்லின் ஸ்வரூபத்தில் மாறுதல் இல்லை. மாறியது இடம் ஒன்றே.

வங்கிக் கணக்கு எழுதியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒருவர் கணக்கில் வரவு வைக்க வேண்டிய தொகை பிறிதொருவர் கணக்கில் ஏறிவிட்டால், தொகை பொய் ஆகிவிடாது. அப்பதிவைச் சுரண்டி அழிக்கவும் கூடாது. தவறான கணக்கில் பற்று எழுதி, உரிய கணக்கில் வரவு வைப்பதே திருத்தம். அழிப்பது திருத்தம் ஆகாது.

நம் தர்சனத்தின் ஒரு பெரிய நிலைப்பாடு இதனோடு ஒத்திருப்பதைக் காண்க. 'நான்' என்னும் உணர்வே அவித்யையின் விளைவு என்றும், மோக்ஷத்தில் அது அழிந்துபோகும் என்றும் கூறுவோர் உண்டு. எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் இதனை மறுக்கிறார். 'நான்' என்று தோன்றும் பொருளே ஆத்மா. மோக்ஷத்திலும் அது 'நான்' என்றே ப்ரகாசிக்கும். தான் அழிவதே மோக்ஷம் என்றால் அதனை விரும்பி முயல்பவர் எவரும் இரார் என்பது அவர் காட்டும் யுக்தி. களையப்பட வேண்டியது தேஹத்தை ஆத்மா என எண்ணும் மயக்கமும், தன்னைத் தனக்கே உரியவன் என எண்ணும் ஸ்வாதந்த்ர்யமுமே. எனவேதான் நம் பெரியோர் 'நான்' என்னும் சொல்லை வெறுமனே விலக்கிவிடாமல், அதன் இடத்தில் 'அடியேன்' என்று வைத்தார்கள். பேசுபவன் அங்கே இல்லாமல் போகவில்லை. எம்பெருமானுக்குச் சேஷன் என்னும் தன் இடத்தில் நிற்கிறான்.

பிள்ளை உறங்காவில்லிதாஸர் வைபவம் இதனை நடத்தையில் காட்டுவது. உறையூர் மல்லராகிய அவர், நம்பெருமாள் உத்ஸவக் காலத்தில், தம் தேவியாகிய பொன்னாச்சியின்மேல் வெயில் படாதபடி குடை பிடித்து, பிறர் நகைப்பதையும் பொருட்படுத்தாமல் நடந்து சென்றார். அவள் கண்ணழகில் ஈடுபட்டவர் அவர். இதனைக் கண்ட எம்பெருமானார் அந்த ஈடுபாட்டைப் பழித்துரைக்கவில்லை; 'இதனினும் அழகிய கண்களைக் காட்டினால் என்செய்வீர்?' என்னும் கருத்துப்படக் கேட்டு, பெரியபெருமாள் ஸந்நிதியில் கொண்டு நிறுத்தினார். உலகம் பித்து என்று இகழ்ந்த அதே ஈடுபாடு அங்கே பக்தி ஆயிற்று. தாஸர் பொன்னாச்சியைத் துறந்து ஓடவும் இல்லை. இருவருமே உடையவர் திருவடிகளை ஆச்ரயித்து ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்தனர். தீர்த்தமாடி எழுந்தருளும்போது உடையவர் தாங்கலாகப் பற்றி வந்தது இந்த தாஸரின் கையையே என்று பூர்வர்கள் சாதிப்பர். குடை பிடித்த கை ஆசார்யனைத் தாங்கும் கை ஆயிற்று.

'அப்படியாயின் நம் குணங்களில் விலக்கத்தக்கது எதுவுமே இல்லையா?' என்று கேட்கலாம். உண்டு. புல்தரையிலிருந்து வாரிய குவியலில் கல் மட்டும் இராது. மண்ணும், பட்ட புல்லும், சில வேளைகளில் கண்ணாடிச் சில்லும் கலந்திருக்கும். விவரம் அறிந்தவர்கள் அதனைச் சல்லடையில் இட்டுச் சலித்த பின்னரே பாதையில் பரப்புவார்கள். சலிக்காமல் கொட்டினால் மண் கல்லோடு கலந்து, மழை பெய்ததும் பாதையே சேறாகும். சாஸ்த்ரம் விலக்கிய பரஹிம்சை, பிறர் பொருளைக் கவர்தல், பாகவத அபசாரம் ஆகியவை கண்ணாடிச் சில்லைப் போன்றவை. எவ்விடத்தில் வைத்தாலும் காலைக் கிழிக்கும். 'கைங்கர்யத்துக்காகத்தான் செய்தேன்' என்று சொல்லி அவற்றை உள்ளே கொண்டுவர இயலாது. சினத்தில் உள்ள வேகமும், ஆசையில் உள்ள ஈடுபாடும், உலோபத்தில் உள்ள கருத்தும் கல்லைப் போன்றவை. அவற்றைச் சலித்து எடுத்துப் பகவத் விஷயத்தில் இடலாம்.

வாருவதிலும் ஒரு முறை உண்டு. பனி உருகிய உடனே தரை ஊறியிருக்கும். அப்போது இரும்பு வாருகோலால் அழுத்தி இழுத்தால் கல்லோடு புல்லின் வேரும் வந்துவிடும். தரை உலரும்வரை பொறுத்திருந்து, வளையும் கம்பிகளை உடைய வாருகோலாலோ விறைப்பான துடைப்பத்தாலோ மேலாக நீவிப் பாதையை நோக்கித் தள்ள வேண்டும். இல்லத்தில் பிள்ளைகளையும், கோஷ்டியில் புதிதாக வந்தவர்களையும் திருத்த முற்படுகிறவர்கள் இதனை மறத்தல் ஆகாது. உரிய காலத்துக்கு முன் அழுத்தித் திருத்தியதால், குறையோடு விச்வாஸமும் சேர்ந்து பெயர்ந்துபோன சேதனர்கள் எத்தனை பேர்! அவர்களைப் பின்னர் எவர் நடுவது?

இனி, இவ்வுவமையின் மிக முக்கியமான பகுதி. எந்தக் கல்லும் தானே எழுந்து பாதைக்குத் திரும்புவதில்லை. குனிந்து வாருவதற்கு ஒருவர் வேண்டும். உறங்காவில்லிதாஸர் தாமாகப் பெரியபெருமாளைத் தேடிப் போகவில்லை. எம்பெருமானார் அவரிடம் எழுந்தருளினார். அநாதி கர்மத்தால் தள்ளுண்டு கிடக்கும் ஆத்மாவை அதன் இடத்தில் வைப்பது ஈச்வர க்ருபையும், அதற்கு வாயிலான ஆசார்யனுமே. கல்லின் பங்கு, வாருகின்ற கைக்கு விலக்காமல் இருத்தல்.

அடுத்த குளிர்காலத்தில் கற்கள் மீண்டும் பெயரும். மீண்டும் வார வேண்டியிருக்கும். அதனால் இவ்வாண்டு வாரியது வீண் என்று எவரும் சொல்வதில்லை. சன்னிதி முற்றத்தில் மாலைக்குள் மீண்டும் சருகு விழும் என்று அறிந்தேதான் காலையில் திருவலகிடுகிறார்கள். இதனை மோக்ஷ உபாயமாகக் கருதிக் கணக்குப் பார்ப்பவனுக்குச் சோர்வு வரும். உடையவனுடைய பொருள் உடையவனுடைய இடத்தில் இருக்க வேண்டும் என்னும் ப்ரீதியால் செய்பவனுக்கு, ஒவ்வொரு வசந்தமும் ஒரு கைங்கர்யத்துக்கு அவகாசம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்.