எல்லோரும் சுகம்

மெல்பர்னில் நான் இருக்கும் பகுதியில் ஒரு சமூக வானொலி உண்டு. வாரத்தில் ஒரு மணி நேரம் அதில் தமிழ். கோயில் திருவிழா அறிவிப்பு, யாரோ வீட்டுப் பிள்ளையின் அரங்கேற்றம், புத்தக வெளியீடு, நகராட்சியின் குப்பை வண்டி வரும் நாள் மாறியது, நடுவில் இரண்டு பழைய பாட்டு. நடத்துபவர் யாழ்ப்பாணத்துக்காரர். 2025 மார்ச் 28ஆம் தேதி பர்மாவில் நிலநடுக்கம் வந்து, சகாயிங்கிலும் மண்டலேயிலும் கட்டடங்கள் சரிந்த மறுவாரம் என்னை அழைத்தார். "பர்மாத் தமிழர் எண்டு எனக்குத் தெரிஞ்சது நீங்கள் ஒராள்தான் அக்கா. வந்து கொஞ்சம் கதையுங்கோ."

போனேன். என் ஊர் கியாக்தான். ரங்கூனிலிருந்து பாகோ ஆற்றைத் தாண்டி, தன்லினையும் தாண்டித் தெற்கே போனால் வரும். ஆற்றின் நடுவே ஒரு திட்டில் நிற்கும் யேலே பகோடாவைப் பற்றிச் சொன்னேன். எத்தனை வெள்ளம் வந்தாலும் அது மூழ்காது, எத்தனை பேர் ஏறினாலும் இடம் பற்றாமல் போகாது என்பது ஊர் நம்பிக்கை. படித்துறையில் பொரி போட்டால் வாயைப் பிளந்துகொண்டு வரும் கெளுத்தி மீன்களைச் சொன்னேன். நெல் வயல்களில் வேலை செய்யக் கப்பலேறி வந்த எங்கள் பாட்டன்களையும், தீமிதி அன்று எங்களோடு வரிசையில் நிற்கும் பர்மியர்களையும் சொன்னேன். பத்து நிமிடம் நன்றாகப் போயிற்று.

முடிக்கும்போது அவர் கேட்டார்: "அப்ப உங்கட ஊர்ச் சனம் எல்லாம் சுகமா இருக்கினம்?"

"எல்லோரும் சுகம்" என்றேன்.

நிலநடுக்கத்தைப் பொறுத்தவரை அது உண்மை. ரங்கூன் பக்கம் ஆட்டத்தோடு போய்விட்டது. ஆனால் கேட்டவர்கள் காதில் அந்தப் பதில் நிலநடுக்கத்தோடு நின்றிருக்காது. அது எனக்குச் சொல்லும்போதே தெரிந்தது.

சொல்லாமல் விட்டது இது. 2024 பிப்ரவரி 10ஆம் தேதி, 2010இலிருந்து தாளில் கிடந்த கட்டாய இராணுவச் சேவைச் சட்டத்தை ஆட்சியாளர்கள் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. என் அக்கா மகன் அந்த வயதில் இருக்கிறான். ஓர் இரவு தூங்கிய வீட்டில் மறு இரவு தூங்குவதில்லை. பொழுது சாய்ந்தபின் கதவு தட்டினால் அக்கா திறப்பதில்லை. தொலைபேசியில் "இங்கே மழை" என்று அவள் சொன்னால், வானத்தைப் பற்றிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு இணையத்தில் ஏறியது. பையன் எப்படியோ கேட்டுவிட்டான். அடுத்த அழைப்பில் அக்கா சொன்னாள்: "நல்லாத்தான் பேசினே. நம்ம ஊருக்கு ஒரு தடவை போயிட்டு வரணும் போல இருந்துச்சு." ஊரை விட்டு ஒருநாளும் வெளியேறாதவள் சொன்னது இது. பின்னாலிருந்து பையன் கேட்டான்: "சித்தி, அது எந்த ஊரு?"

அவன் கேலிக்குத்தான் கேட்டான். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

நான் சொன்னது பொய்யா? வள்ளுவரிடம் போனால் எனக்கு விடுதலை கிடைக்கும். 'வாய்மை' அதிகாரத்தைத் தொடங்கும்போதே, யாருக்கும் தீங்கு தராத சொல்தான் வாய்மை என்று வரையறுத்துவிடுகிறார். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று அடுத்த குறளில் இன்னும் இளகுகிறார். காண்ட் இதற்கு நேர் எதிர். உன் நண்பனைக் கொல்லத் தேடிவருகிறவன் வாசலில் நின்று கேட்டாலும் பொய் சொல்லாதே என்று 1797இல் ஒரு கட்டுரையே எழுதினார். அக்கா வாசலில் நிற்பவர்களை நினைத்தால் நான் வள்ளுவர் பக்கம்தான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் வானொலி நிலையத்தில் என்னிடம் கேட்டவர் அந்த வாசலில் நிற்பவர் அல்ல. அக்கறையோடு கேட்ட ஒரு மனிதர். அவருக்குப் பின்னால் தம் வீட்டுச் சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்த சில நூறு பேர். 'யாருக்கும் தீங்கில்லாத' என்பதில் அவர்களும் அடக்கம். கியாக்தானில் எல்லாம் சரி என்று நம்பி அவர்கள் வேறு வேலைக்குப் போனால், அந்த ஊருக்கு என் சொல்லால் ஒரு தீங்கு நடந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் சுகம் என்று ஊர்க்காரியே சொன்னபிறகு யார் விசாரிப்பார்கள்?

உள்ளூர் வானொலி என்பதே எதற்கு என்று யோசித்தேன். ஆஸ்திரேலியாவில் பல மொழி வானொலி 1975இல் சிட்னியில் 2 ஈஏ, மெல்பர்னில் 3 ஈஏ என்று தொடங்கியது, மெடிபேங்க் என்ற புதிய மருத்துவக் காப்பீட்டைக் குடியேறியவர்களுக்கு விளக்கத்தான். விட்டுவந்த ஊரின் ஏக்கத்துக்காக அல்ல, இங்கே இன்று பிழைக்கத் தெரியவேண்டியதைச் சொல்வதற்காக. பர்மாவிலும் 2018இல் ரங்கூன் பிராந்தியத்தின் தன்டபின் நகரியத்தில் கயே எஃப்எம் என்ற முதல் சமூக வானொலி தொடங்கியபோது, நம் பக்கமும் ஒன்று வரும் என்று அக்கா சொன்னாள். 2021 பிப்ரவரி 1இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இன்று அவளுக்கு வேண்டிய உள்ளூர்ச் செய்தி, எந்த முனையில் சோதனை நிற்கிறது என்பது. அதை ஒரு தேநீர்க்கடையில் ஒருவர் மற்றவரிடம் சொல்கிறார், அதுவும் குரலைத் தாழ்த்தி.

உரக்கச் சொன்னால் விலை உண்டு. 1988இல் ஆகஸ்ட் 8 வேலைநிறுத்தம் பற்றிய செய்தி பர்மா முழுக்கப் பரவியது பிபிசியின் பர்மியச் சேவை வழியாகத்தான். பிபிசிக்குச் செய்தி தந்தார் என்று பின்னர் ஒரு வழக்கறிஞரைச் சிறையில் அடைத்தார்கள். சொல்பவர் வெளியே இருக்கும்போது விலையைக் கொடுப்பவர் உள்ளே இருக்கிறார். என் வீரத்துக்கு அக்கா மகனைக் கட்டணமாகக் கட்ட எனக்கு உரிமை இல்லை.

அப்படியானால் மௌனமா, பொய்யா என்று இரண்டே வழிகள்தானா? மூன்றாவது ஒன்றைப் பத்திரிகைகள் நமக்குக் காட்டியிருக்கின்றன. இந்திய நெருக்கடிநிலையின்போது, 1975 ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கத்தை வெற்றிடமாக அச்சிட்டது. பர்மாவில் 2012 வரை முன்தணிக்கை இருந்தது. வெட்டப்பட்ட பகுதிகள் மை பூசி வந்த இதழ்களை எங்கள் வீட்டில் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்போம். எழுத்து தெரியாது. ஆனால் அங்கே ஏதோ இருந்தது என்று தெரியும். தணிக்கையாளர்கள் வெற்றிடத்தையும் வெறுப்பது இதனால்தான்.

நான் செய்தது வெற்றிடம் விட்டதல்ல. கெளுத்தி மீனையும் பகோடாவையும் வைத்து அந்த இடத்தை நிரப்பினேன். அங்கே ஒன்றும் இல்லை என்று தோன்றும்படி அழகாக நிரப்பினேன். என்மேல் எனக்கு இருக்கும் குற்றச்சாட்டு இதுதான். சொல்லாமல் விட்டதற்காக இல்லை.

"சொல்ல முடியாது" என்பதே காட்டிக்கொடுக்காதா என்று கேட்கலாம். கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். ஆனால் அது காட்டுவது என் பயத்தை. ஒரு வீட்டையோ ஒரு பையனையோ அல்ல.

பல வாரம் கழித்து வானொலிக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "விளங்குது அக்கா. எண்பத்தி மூண்டுக்குப் பிறகு நாங்களும் இஞ்ச இருந்து உப்பிடித்தான் கதைச்சனாங்கள். எல்லாரும் சுகம், எல்லாரும் சுகம்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "திரும்ப ஒருக்கா வாங்கோ" என்றார்.

போனேன். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்டார். "நிலநடுக்கத்தால் பாதிப்பில்லை. மற்றபடி நிலைமை சுகமில்லை. அதற்குமேல் நான் சொன்னால் அங்கே இருப்பவர்களுக்கு ஆபத்து, அதனால் சொல்லமாட்டேன்" என்றேன். அவர் உடனே பாட்டுக்குப் போகவில்லை. மூன்று நான்கு விநாடி ஒலிபரப்பில் எதுவும் இல்லை. வானொலியில் அது நீண்ட நேரம்.

இந்தக் கட்டுரையை அக்காவிடம் தொலைபேசியில் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். அவள் கேட்டபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். என் பெயரையும் போடவில்லை. எவை மாறின என்று சொல்லமாட்டேன். மாற்றியிருக்கிறேன் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.