ஒன்றா, வேறா?

அலாஸ்காவின் வடபுறத் தூந்திரத்தில் ஈரமான பாசி மெத்தைக்குள் ஒளிந்து வளரும் அபூர்வச் செடி அசிடியோட்டா பிளெஃபரோஃபில்லா. பாசிக்கு நெருங்கிய லிவர்வோர்ட் என்னும் சிறு தாவரங்களில் இலையுள்ள வகை. இலைக்கு நடுநரம்பு கிடையாது; விளிம்பெல்லாம் நீண்ட மயிரிழைகள்.

இதை முதலில் சேகரித்தவர் சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில் சமயப்பணி செய்த ஜிரால்டி என்னும் இத்தாலியப் பாதிரியார். 1898இல் இத்தாலியத் தாவரவியலாளர் மசலோங்கோ இதைப் புதிய பேரினமாகவே விவரித்தார். அதே பேரினம் வட அமெரிக்காவிலும் உண்டு என்று, அலாஸ்காச் செடியை வைத்து, தாவரவியலாளர்கள் ஸ்டீரும் ஷுஸ்டரும் 1960இல் அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் வளரும் சீனச் செடியும் அலாஸ்காச் செடியும் ஒரே இனமா, வேறா? தத்துவத்துக்கு இது பழைய கேள்வி.

வகைப்பாட்டியலாளர் லின்னேயஸுக்கு விடை எளிது: ஆதியில் கடவுள் எத்தனை வடிவங்களைப் படைத்தாரோ அத்தனை இனங்கள். அவருக்கு முன்பே தத்துவஞானி ஜான் லாக் வேறு விதமாக நினைத்தார். பொருளின் உள்ளியல்பு நமக்கு எட்டாது, நாம் தேர்ந்தெடுத்த அடையாளங்களின் தொகுப்பைத்தான் இனம் என்கிறோம் என்பது அவர் வாதம். இனத்துக்கும் அதன் உட்பிரிவுக்கும் இடையே உறுதியான கோடு இல்லை என்றார் டார்வின்.

1942இல் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் ஓர் அளவுகோல் தந்தார்: தமக்குள் இணைந்து இனப்பெருக்கம் செய்பவை ஓரினம். பறவைகளுக்கு அது பொருந்தும். தூந்திர லிவர்வோர்ட்டுகள் பலவற்றில் வித்துப்பையைக் காண்பதே அரிது. உடைந்த துணுக்கிலிருந்தே அவை தழைத்துவிடும். அங்கே மேயரின் சோதனையை நடத்தவே வழியில்லை.

மிஞ்சுவது நுண்ணோக்கி. பெரும்பாலான லிவர்வோர்ட்டுகளின் செல்களில் எண்ணெய்த் துகள்கள் உண்டு. அவற்றின் எண்ணிக்கையும் வடிவமும் இனம்காண உதவும் முக்கியத் தடயங்கள். ஆனால் செடி உலர்ந்ததும் பெரும்பாலும் அவை மறைந்துவிடும். பழைய உலர்மாதிரிகளை எவ்வளவு உற்றுப் பார்த்தும் பயனில்லை. பச்சையாக இருக்கும்போதே பார்த்து வரைந்துகொள்ள வேண்டும்.

லாக் சொன்னதில் பாதி உண்மை இங்கே தெரிகிறது. எதைத் தேடுவது என்பதை மனிதன் முடிவு செய்கிறான். தேடியது இருக்கிறதா, இல்லையா என்பதைச் செடிதான் சொல்கிறது. அதில் நம் விருப்பத்துக்கு இடமே இல்லை. அடையாளங்கள் நம் தேர்வு என்பதால் இனமும் நம் கற்பனை என்று முடித்துவிடுவது அவசரம்.

அலாஸ்காச் செடிக்கு ஸ்டீரும் ஷுஸ்டரும் தனி இனத் தகுதி தரவில்லை. அதே இனத்தின் துணையினமாக, அலாஸ்கானா என்று பெயரிட்டார்கள். உறவை மறுக்காமல், வேற்றுமையையும் மறைக்காமல் எழுதிய அந்தத் தீர்ப்பு நேர்மையானது.