கருங்காலி

எனது நியமனக் கடிதம் ஒரு பழைய பிஸ்கட் தகரத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. எங்கு மாற்றினாலும் போக வேண்டும், எதைச் செய்தால் வேலை போகும் என்பதெல்லாம் அதில் உண்டு. பிள்ளைகளுக்கும் எனக்கும் உள்ள ஒப்பந்தத்தை எவரும் எழுதித் தரவில்லை. 2021 ஒக்டோபர் 21, 22 ஆகிய இரு தினங்களும் இவ்விரண்டையும் விட்டு, சங்கத்துக்குக் கொடுத்த வாக்குக்கே நான் கட்டுப்பட்டிருந்தேன். அது நியாயமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

1997இலிருந்து தொடர்ந்த அதிபர், ஆசிரியர் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி 2021 ஜூலை 12இல் இணையவழிக் கற்பித்தலைப் பகிஷ்கரித்தோம். பூண்டுலோயாவில் அது சுலபமான காரியம். என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் சூம் பார்க்கத்தக்க கைபேசியே கிடையாது. இருந்தவர்களும் சிக்னல் தேடித் தேயிலை மலையில் ஏறினார்கள். இல்லாத ஒன்றைப் பகிஷ்கரிப்பதில் என்ன தியாகம்? எனக்குச் சம்பளமும் நிற்கவில்லை.

சோதனை ஒக்டோபரில்தான் வந்தது. 200 மாணவர்களுக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் 21ஆம் திகதி திறக்கப்பட்டன. லயங்களை அண்டிய எங்களைப் போன்ற சின்னப் பள்ளிக்கூடங்கள் அதற்குள் அடங்கின. சங்கங்களோ 25ஆம் திகதிதான் கடமைக்குத் திரும்புவோம் என்று அறிவித்திருந்தன. வளர்ந்துவிட்ட கால்களுக்குக் குட்டையாகிப்போன காற்சட்டைகளோடு பிள்ளைகள் வந்தார்கள். சந்தியிலுள்ள தேநீர்க் கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சிறுமி என்னைக் கண்டு கையசைத்தாள். நான் தேநீரைக் குடித்தேன்.

அன்று மாலை ஒரு தாய் கொழுந்துச் சாக்கோடு அப்படியே வீட்டுக்கு வந்தார்.

"சேர், ஸ்கொலர்ஷிப் வருது. பிள்ளைய ஒங்க வீட்டுக்காவது அனுப்பட்டா?"

போராட்டத்தை விளக்க முயன்றேன். அவர் சிரித்தார்.

"நாங்க பாக்காத ஸ்ட்ரைக்கா சேர்? சங்கம் சொன்னா கேக்கத்தான் வேணும். ஆனா நாங்க ஸ்ட்ரைக் பண்ணினா கம்பனிக்கு நட்டம். நீங்க பண்ணினா யாருக்கு?"

மாதாமாதம் செக்ரோலில் சந்தா வெட்டக் கொடுப்பவர் அவர். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்து, 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் வரக் கண்டவர். கூட்டு ஒப்பந்தம் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு கலாசாலையில் எனக்கு எவரும் கற்பிக்கவில்லை.

மறுநாள் முதல் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன். தெரிந்திருந்தால் சக ஆசிரியர்கள் ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள்: கருங்காலி. கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டும் மரம் என்பதால் அந்தப் பெயராம். நல்ல மரத்துக்கு நேர்ந்த கெட்ட காலம்!

2003இல் தமிழ்நாட்டில் சுமார் 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்துக்காக நீக்கப்பட்டபோது, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யத் தார்மீக உரிமைகூட இல்லை என்றது இந்திய உச்ச நீதிமன்றம். சட்ட உரிமை இல்லை என்று சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தார்மீகம் அதன் கையில் இல்லை என்பேன். நம் நாட்டில் 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஏறக்குறைய 40,000 பேர் வேலையிழந்தார்கள். அவர்கள் பிழை செய்தார்கள் என்று எந்த வாயால் சொல்வது?

சங்கம் வேண்டும் என்பதற்கு எனக்குத் தூரத்து உதாரணம் தேவையில்லை. மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களாக எடுக்கப்பட்டவர்கள் முதலில் 6,000 ரூபாயும் பின்னர் 10,000 ரூபாயும் கொடுப்பனவாகப் பெற்று, நிரந்தர நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். நியமனம் தொங்கலில் இருப்பவன் வாய் திறக்க மாட்டான். நிரந்தரமானவன்தான் திறக்க வேண்டும்.

2022 ஜனவரியில், கேட்டதில் மூன்றிலொரு பங்குதான் கிடைத்தது. போராடாதவர்களும் அதைப் பெற்றார்கள். சிலர் பொருமினார்கள், நான் பேசாமலிருந்தேன். என்னை உறுத்தியது வேறு. அந்த மூவருக்கு நான் கற்பித்தது அவர்களுடைய தாய்மார் வந்து கேட்டதால். கேட்கக் கூச்சப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. சங்கத்துக்குத் தெரியாமல் செய்த நல்ல காரியம் வகுப்பையும் இரண்டாகப் பிளந்திருந்தது. கதவைச் சாத்தியதுதான் தவறு. கற்பித்தது அல்ல.

மீதி இரண்டு பங்கைக் கேட்டு 2024 ஜூன் 26இல் சுகயீன விடுமுறைப் போராட்டம் வந்தது. (சுகமாக இருந்துகொண்டு சுகயீனம் என்று எழுதுவதன் தர்மத்தை இன்னொரு நாள் பார்ப்போம்.) முதல் நாளே வகுப்பில் ஏன் வரமாட்டேன் என்று சொன்னேன். விடுபடும் பாடத்தைச் சனிக்கிழமை நடத்துவதாகவும் சொன்னேன்.

"எல்லாருக்குமா சேர்?" என்றான் பின்வாங்கில் இருந்த ஒருவன். மூவரில் ஒருவனின் தம்பி அவன்.

"எல்லாருக்கும்தான்" என்றேன்.