குடிக்கூலி

வீட்டு வாடகைக்குக் குடிக்கூலி என்றும் தமிழில் ஒரு பெயர் உண்டு. இன்று அருகிவிட்ட சொல். கூலி என்பது உழைத்ததற்குப் பெறுவது. மாதாமாதம் இந்தக் கூலியைப் பெறுகிறவன் செய்த வேலை என்ன? வீட்டை முதலீடாக மட்டுமே பார்க்கப் பழகிவிட்ட மனசுக்கு இது அபத்தமான கேள்வி. முதலீடு என்றால் முதலில் கணக்கையே பார்த்துவிடலாம்.

சென்னையில் ஒரு கோடி ரூபாய் பெறும் அடுக்ககத்து வீடு ஒன்று மாதம் 25,000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 3 லட்சம், நூற்றுக்கு 3. சொத்துவரி, தரகு, பழுது, ஆள் மாறும்போது பூட்டிக் கிடக்கும் மாதம் எல்லாம் கழித்தால் நூற்றுக்கு 2 மிஞ்சுவதே பெரிது. வங்கி வைப்பில் இதைவிடக் கூடக் கிடைக்கும். 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நியாய வாடகைக்கு ஒரு சூத்திரமே இருந்தது: மனை மதிப்போடு தேய்மானம் போகக் கட்டிடச் செலவைக் கூட்டி, குடியிருப்பானால் வருஷத்துக்கு நூற்றுக்கு 9. 2019ல் அந்தச் சட்டம் போய்விட்டது. குடியிருப்பவனைக் காக்க வந்த சட்டம் நியாயம் என்று சொன்னதில் மூன்றில் ஒரு பங்கை, யாருடைய கட்டாயமும் இல்லாமல் வீட்டுக்காரன் இன்று ஏற்றுக்கொள்கிறான். தாராளமல்ல. அவன் கண் வாடகையில் இல்லை.

மண்ணில் இருக்கிறது. கட்டிடம் தேய, பிரிபடாத பங்காக அவனுக்குச் சேர்ந்த சில நூறு சதுர அடி விலை ஏறுகிறது. ஏற்றியது அவனல்ல. ரயில் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, அங்கே குடியிருந்தவர்கள் நடந்தும் வாங்கியும் சண்டை போட்டும் அதை ஒரு தெருவாக்கினார்கள். (டால்ஸ்டாயின் நெஹ்லூதவ் நிலத்தைக் குடியானவர்களிடம் விட்டுவிடக் கிளம்பினான், அடுக்ககத்தில் விட்டுக்கொடுக்க மண் கண்ணிலேயே படாது.) ஆக, பூட்டிக் கிடந்தால் பாழாகிவிடும் சொத்துக்கு, தானே பணமும் கொடுத்துக் காவல் இருப்பவன்தான் குடியிருப்பவன். கூலி எதிர்த்திசையில் போகிறது.

அந்தச் சொல்லுக்கு ஏதாவது அர்த்தம் மிஞ்ச வேண்டுமானால் அது பராமரிப்பில்தான் மிஞ்ச முடியும். ஒழுகும் குழாயைச் சரிசெய்வது வேலை. அதற்குக் கூலி கேட்கலாம். வருமானவரிச் சட்டம், சொத்துவரி போக வரும் வாடகையில் நூற்றுக்கு 30ஐ, செலவழித்தாலும் இல்லாவிட்டாலும் கழித்துக்கொள்ள விடுகிறது, ரசீது கேட்பதில்லை. 2017ல் இயற்றப்பட்டு 2019ல் அமலுக்கு வந்த புதிய வாடகைச் சட்டத்தின் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதை வீட்டுக்காரன் பொறுப்பில் வைக்கிறது. நடப்பு வேறு. காலி செய்கிறவனின் அட்வான்ஸிலிருந்து பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது ஊர் வழக்கம். ஒரே சுவருக்கு அரசிடம் ஒரு சலுகை, குடியிருந்தவனிடம் ஒரு வசூல்.

இதையெல்லாம் பேராசை என்று ஒதுக்கிவிடலாம். பேராசைக்காவது ஒரு தர்க்கம் உண்டு. எனக்குப் பிடிபடாதது, இதே மனிதன் ஆளைத் தேர்ந்தெடுக்கும் விதம். ஜாதியை நேராகக் கேட்கக் கூச்சம், "நீங்க வெஜ்தானே?" என்பதில் காரியம் முடிந்துவிடுகிறது. ஒரு முஸ்லிம் பெயரைச் சொன்னதும் வீடு "இப்பத்தான் போச்சு." தனியாக இருக்கும் பெண்ணுக்கு, "ஃபேமிலிக்குத்தான் தர்றதா இருக்கோம்." கேட்டால், ரிஸ்க் என்பான். பழைய தீட்டு முதலீட்டு பாஷை கற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் கணக்கு அதற்கு ஒத்துழைப்பதில்லை. 500 ரூபாய்க்கு ஒரு மணி நேரம் பேரம் பேசுகிறவன், இன்னார் குடிவரக் கூடாது என்பதற்காக வீட்டை இரண்டு மாதம் பூட்டிவைக்கிறான். 50,000 ரூபாய். அந்த நஷ்டத்தை மட்டும் அவன் எங்கும் எழுதி வைப்பதில்லை.